அஜ்மான் குளிரில் ஒரு கொக்கி

வளைகுடா நாட்டு அஜ்மான் கடற்கரையின் வாரச்சந்தையில் ஜனவரிக் குளிர். எங்கள் பட்டறையின் சார்பில், கூட்டத்தின் முன்னால் இரும்புக் கொக்கி ஒன்றை அடித்துக் காட்ட வேண்டும். ஒழுங்காக வந்தால்தான் அடுத்த வாரமும் இந்த வேலை எனக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

என் வேலையை யாரும் பார்க்கவில்லை. லீவு நாளில் வந்த தொழிலாளர் கேம்ப் ஆட்கள் உலையைச் சூழ்ந்து குளிர்காய்ந்தார்கள்.

"இதென்ன போகியா? தள்ளி நில்லுங்கண்ணே!" என்று எரிந்து விழுந்தேன்.

விலகினார்கள். கடல்காற்று நேராகப் பாய்ந்தது. கரி பறந்தது. கம்பி உலையிலிருந்து எடுத்த உடனேயே ஆறிப்போனது. இரண்டு தரம் அடித்தும் வளையவில்லை.

"இவ்வளவு நேரம் காத்தை மறைச்ச தட்டியே நாங்கதான், தங்கச்சி. விரட்டிட்டியே!" என்று சிரித்த ஒருவர், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காற்றுப் பக்கம் வரிசையாக நிறுத்தினார்.

கொக்கி வளைந்தது. முதலாளி தலையாட்டினார்.

குளிர்காய வந்தவர்கள் என் வேலைக்காகக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.