யார் அறுத்த கறி

மலாயாவின் ஈப்போவில் ஆட்டுக்கறியைக் கையில் வாங்கினால் விரல் விறைத்துப்போகும். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் ஐஸ்பெட்டிக்குள் வந்த கறி. பாத்திரத்தில் போட்டால் கல் விழுந்த சத்தம் கேட்கும். எங்கள் ஊர் கோவில்பட்டியில் பாய் கடைக் கறி வீடு வந்து சேரும்வரை இலையில் சூடு இருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் கப்பலேறி வந்த எனக்கு முதல் பயம் இந்தக் குளிர்ந்த கறிதான். நான் காரணம் தேடிப் பயப்படுகிறவள் அல்ல. ஆனால் இந்த முறை காரணமும் இருந்தது.

என் வீட்டுக்காரர் கரிசல் மைதானத்தில் ஹாக்கி ஆடிப் பழகியவர். அந்த ஆட்டத்துக்காகவே இங்கே ஒரு ரப்பர் கம்பெனி அவருக்கு வேலை தந்தது. போட்டி நாட்களில் பதினோரு பேருக்கும் நான் சமைத்துப் போட வேண்டும் என்ற பேச்சில்தான் வீடும் கிடைத்தது. பயிற்சியாளர் துரை ஒரு காகிதத்தை நீட்டினார்: முட்டை, கறி, பருப்பு, பால். புரோட்டீன் குறையக் கூடாதாம், வயிறும் கனக்கக் கூடாதாம். ஊரில் ஊறவைத்த நிலக்கடலையையும் கொண்டைக்கடலையையும் தின்றுவிட்டு ஓடிய பிள்ளைகளைத்தான் எனக்குத் தெரியும். ஒருவருக்கு வயிற்றைக் கலக்கினாலும் வீடு போச்சு என்ற பயத்தில் ஒவ்வொரு முட்டையையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பருப்பில் வண்டு பார்த்தேன். கறியை முகர்ந்து பார்த்தேன்.

போட்டி தொடங்கிய நாலாம் நாள் மத்தியானம், கோல் காக்கும் மலாய்க்காரரான யூசுப் தட்டின் முன் உட்கார்ந்து வாய்க்குள் "பிஸ்மில்லா" என்றார். எங்கள் ஊர் பாய் கத்தியை எடுக்கும்போது சொல்லும் அதே சொல். அதைச் சொல்லி அறுத்த கறியைத்தான் அவர்கள் தொடுவார்கள். ஊரில் கறி என்றால் பாய் அறுத்த கறிதான். எல்லாருக்கும் ஒரே கடை. யார் அறுத்தது என்று கேட்கும் தேவையே எனக்கு வந்ததில்லை. இந்த ஐஸ்பெட்டிக் கறியை எவர் அறுத்தாரோ, எப்படி அறுத்தாரோ! மூன்று நாளாக அதைத்தான் அவருக்குப் போட்டிருந்தேன்.

தட்டை வெடுக்கென்று இழுத்தேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்று என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"இதை யார் அறுத்தாவன்னு கேக்காமலே வாங்கிட்டேன். மூணு நாளும் இதே கறிதான். அவியகிட்டச் சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "சாயங்காலம் ஆட்டம் முடியட்டும். இப்பச் சொன்னா வீடு, வேலை எல்லாம் போயிரும்," என்றார் மெதுவாக.

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் நம்பி உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து மலாய்ச் சொற்களை வைத்து நானே சொல்லிவிட்டேன். யூசுப் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூட்டை கட்ட எதை முதலில் எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

திரும்பி வந்தவர், "தெரியாமல்தானே செய்தீர்கள் அக்கா? நாளைக்குச் சந்தைக்கு நானும் வருகிறேன்," என்றார். கொண்டைக்கடலையையும் முட்டையையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆடப் போனார். மறுநாள் கூடையைப் பிடித்துக்கொண்டு வந்து, எந்தக் கடையில் வாங்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து, கறிக்கடையில் நான் வாய் திறந்தால் 'யார் அறுத்தது?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

நாலு வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது பாய் கடைக்குப் போனேன். என்னை அறியாமலே, "யார் பாய் அறுத்தது?" என்றேன்.

அவர் கத்தி நின்றது. "என்ன தாயி, இப்படிக் கேக்குத? உங்க அப்பா காலத்துல இருந்து நாந்தான அறுக்கேன்?"

கடையில் நின்ற எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாய் நீட்டிய இலைப் பொட்டலம் சூடாகத்தான் இருந்தது. என் விரல்கள்தான் விறைத்துப்போயிருந்தன.