முத்திரைக்கு வீடு பார்க்க வந்த நாள்

அந்த ஐயா எங்கள் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்த கதிரை எங்களுடையது அல்ல. மேசை விரிப்பும் எங்களுடையது அல்ல. அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்த கோப்பையும் பீரிசும்கூட எங்களுடையவை அல்ல. அவர் மட்டும்தான் உண்மையில் எங்களுக்காக வந்தவர். அன்றைக்கு எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

அப்போது நாங்கள் கலஹாவுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் வத்தேகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அங்கே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில், பேர் இருந்தது. எங்களுக்கென்று ஒரு காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்புத் திண்ணையும் இருந்தன. இரண்டு கதிரை, ஒரு மேசை, தோல் உறை போட்ட ஒரு ரேடியோ, இவ்வளவும் எங்களுடையவை. கலவரம் வந்தபோது நாங்கள் தேயிலைக்குள் படுத்துக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வரிசை எரிவதைப் பார்த்தோம். எதிர் வீட்டுக் கூரைத் தகரம் நெருப்பில் வெடித்த சத்தத்துக்குத் தம்பி அழுதான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள். விடிந்ததும் உடுத்த உடுப்போடு மாமா இருந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவர் கங்காணியிடம் கெஞ்சி, சாமான் போட்டுவைத்திருந்த கடைசிக் காம்பராவை, அதில் கிடந்த பழைய மேசையோடு, எங்களுக்கு வாங்கித் தந்தார். தங்க இடம் கிடைத்ததே தவிர, தோட்டத்தில் பேர் பதிய முடியவில்லை. ஆகவே அப்பா பேராதனைப் பாதையில் கல் உடைக்கப் போனார். அம்மா பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மிளகு ஆயப் போனாள். வேலை இருக்கும் நாளில் அடுப்பு எரியும். இல்லாத நாளில் மாமா வீட்டு அத்தை ஒரு ரொட்டியை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தனுப்புவாள்.

முந்தியெல்லாம் நாட்டில் எல்லோருக்கும் அரிசிக் கூப்பன் புத்தகம் இருந்தது. இருப்பவனுக்கும் புத்தகம்தான், இல்லாதவனுக்கும் புத்தகம்தான். அதை நிறுத்திவிட்டு, இனிமேல் ஏழைகளுக்கு மட்டும் முத்திரை கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். முத்திரையைக் கூட்டுறவுச் சங்கக் கடையில் கொடுத்தால் அரிசி, கோதுமை மா, சீனி, பால்மா எல்லாம் வாங்கலாம். யோசித்துப் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஏழை யார் என்று யாராவது வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆள் அனுப்பினார்கள்.

தோட்டத்தில் பேர் பதிந்து சம்பளம் எடுப்பவர்களுக்கு முத்திரை கிடைப்பது கஷ்டம், எங்களைப் போல் பேர் இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் என்று மாமா விசாரித்து வந்து சொன்னார். அப்பாவுக்காக அவரே மனுவும் எழுதிப் போட்டார். முதல்நாள் சாயந்திரம் வந்து, "மச்சான், நாளைக்கோ நாளன்னைக்கோ ஐயா வீடு பாக்க வருவாராம். இருக்கிறத இருக்கிறபடி காட்டுங்க" என்றார்.

அப்பா சிரித்தார். "இருந்தாத்தானே மச்சான் காட்ட?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு. வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் "எரிஞ்ச லயத்துப் புள்ள" என்ற பெயரோடு இருந்தவள். எங்களிடமும் ரேடியோ இருந்தது என்று நான் சொன்னால் ஒருத்தியும் நம்ப மாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. வத்தேகமத் தோட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை துரை லயம் பார்க்க வருவார். மருந்துக்கார ஐயாவும் கூட வருவார். அந்த வாரம் முழுக்கச் சாணி மெழுகுவதும் சுண்ணாம்பு அடிப்பதுமாக லயமே திருவிழாப் போல இருக்கும். எந்த வீடு சுத்தமாக, சாமான் சட்டோடு லட்சணமாக இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் பரிசு. அம்மா ஒரு வருஷம் பூப்போட்ட எனாமல் பேசினைப் பரிசாக வாங்கினாள். அழுக்காக வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு ஏச்சுத்தான் கிடைத்தது. வீடு பார்க்க ஐயா வருகிறார் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். கந்தோர் ஐயா வந்து எங்கள் கறுத்த சுவரையும் சாக்குப் பாயையும் பார்த்தால் முத்திரையா கொடுப்பார்? மூக்கைப் பொத்திக்கொண்டல்லவா போவார்?

காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஐயாவுக்காகக் காத்திருக்க முடியாது. "ஐயா வந்தா ஓடியாந்து என்னயக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அம்மா போனாள். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காம்பராவை மெழுகினேன். தம்பியின் மூக்கைத் துடைத்து, தலைக்கு எண்ணெய் வைத்தேன். பிறகு அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தைக்கு அன்றைக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நான் இரண்டு கதிரையும் மேசை விரிப்பும் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னாடி, ஒன்னயப் பொண்ணு பாக்க வாராங்களா?"

"கந்தோர் ஐயா வாராரு அத்தே. ஒக்கார கதிர வேணாமா?"

"அது சரிதான். வாரவுங்கள நிக்க வச்சா நம்ம மானம் போயிரும். எடுத்துட்டுப் போ."

அவளும் என்னைப் போலத்தான், மானத்துக்குப் பயந்தவள். கதிரையைக் கேட்டவள் கோப்பையும் கேட்டேன். கோப்பையைக் கேட்டவள் சீனியும் கேட்டேன். கடைசியில் ரேடியோவைக் காட்டினேன்.

"அது எதுக்கு? ஐயா பாட்டுக் கேக்கவா வாராரு?"

"சும்மா இருக்கட்டும் அத்தே. மேசை மொட்டையா இருக்கு."

"கீழ போட்டே, ஒன் காத அறுத்து அதுல ஒட்ட வச்சிருவேன்" என்றாள். ஆனால் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. வத்தேகம வீடு திரும்பி வந்துவிட்டது போல இருந்தது.

மத்தியானத்துக்கு முன்பே அந்த ஐயா குடையை ஊன்றிக்கொண்டு மேலே ஏறி வந்தார். கண்டிப் பக்கத்து முஸ்லிம் மனுஷர், வெள்ளைச் சட்டை. காலுறைக்குள் அட்டை புகுந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு எடுத்து வந்து கொடுத்தேன். "நல்ல புள்ள" என்று சொல்லி அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கதிரையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தார். நான் அம்மாவைக் கூப்பிட ஓடவில்லை. வீட்டைக் காட்ட நானே போதும் என்று இருந்துவிட்டேன். சீனி போட்ட தேத்தண்ணீரைப் பீரிசில் வைத்து நீட்டினேன்.

"வாப்பா எங்க மகள்?"

"றோட்டு வேலைக்குப் போயிருக்காரு."

"தோட்டத்துல பேர் ஈக்குதா?"

"இல்ல. கெடச்சிரும்."

அவர் காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு மேசைப் பக்கம் பார்த்தார். "ரேடியோ யாருட?"

"எங்களுது."

பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. "யாருக்கிட்டயாவது கேட்டு வாங்கி வெச்சதா? சும்மா சொல்லுங்க மகள். நான் ஏச மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க யார்கிட்டயும் எரவல் வாங்குறதில்ல" என்றேன். சந்தேகம் தீரட்டும் என்று ரேடியோவைத் திருகிவிட்டேன். சிங்களத்தில் யாரோ பாடினார்கள். வத்தேகமவில் தினமும் திருகிய கை அல்லவா, சத்தத்தை அளவாகக் குறைத்தும் காட்டினேன்.

"காலையில என்ன தின்னீங்க?"

"சோறும் கருவாட்டுக் கொழம்பும்."

"பொய்! ரொட்டி!" என்றான் தம்பி. "அக்காவுக்கு இல்ல. எனக்கு மட்டும்."

அவன் தொடையில் கிள்ளினேன். அவன் அழுதான். அந்த ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தேத்தண்ணீரைக் குடிக்காமலே வைத்திருந்தார். "உம்மா வரும் வரைக்கும் இருக்கிறேன்" என்றார். அத்தனை மலையும் ஏறி இறங்க வேண்டிய மனுஷர், எங்களுக்காகக் காத்திருந்தார்.

ஐயா மேலே போனதைப் பாதையில் யாரோ சொல்லி, அம்மா ஓடி வந்தாள். கையெல்லாம் மிளகுக் கறை. வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கதிரையைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அம்மாவுக்குச் சந்தோஷம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"தங்கச்சி, இதெல்லாம் ஒங்கடதானா?" என்றார் ஐயா. "ஒங்கட மகள் அப்படித்தான் சொல்றாங்க. நீங்க சொல்றதத்தான் நான் எழுதுவேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எம் மக பொய் சொல்ல மாட்டா ஐயா."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அம்மா தலை குனியவில்லை. பிறகு அவர் எழுதினார். ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தம்பியின் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார். நான் அவருடைய குடை தேயிலைக்குள் மறையும் வரை வாசலில் நின்று பார்த்தேன். எல்லாம் குறைவில்லாமல் நடந்துவிட்டது.

கதிரைகளை அம்மாவே தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். என்னை ஏசவில்லை. அன்றைக்கு அரை நாள் கூலியும் போயிற்று.

சில வாரம் கழித்துச் சங்கக் கடைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மாமா இரண்டு தடவை வாசித்தார். எங்கள் பேர் இல்லை. கீழ் டிவிஷனில் இரண்டு மாடு வைத்துப் பால் விற்றவரின் பேர் இருந்தது. ஐயா வருவதற்கு முதல்நாளே அவர் மாடுகளை மச்சான் வீட்டுக்கு ஓட்டிவிட்டுக் கிழிந்த சாரத்தோடு உட்கார்ந்திருந்தாராம். அவரை நான் குறை சொல்லவில்லை. இல்லாததை நாங்கள் காட்டினோம், இருந்ததை அவர் ஒளித்தார். வந்தவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தானே எழுத முடியும்?

அத்தை ரேடியோக் கதையை மாமாவிடம் சொல்ல, மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பா வீட்டுக்குள் வந்து நின்று, "யாரு எரவல் வாங்கி வச்சது?" என்று கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். ரொட்டி வாயில் இருந்தது.

"நான்தான்" என்றாள் அம்மா. "வாரவுங்கள நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

"ரேடியோ என்னாத்துக்கு?"

"எனக்கு ஆசையா இருந்துச்சு."

அப்பா கை ஓங்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. ஆனால் அடுத்த சம்பளம் வரும் வரை அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஆசையாம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். நான்தான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கடைசி வரை அது அம்மாவின் வேலை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

அந்த மழைக்காலத்தில் பாதை வேலை நின்றது. தம்பிக்கு உடம்பு வற்றி, வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. பால்மா என்று ஒன்றை நாங்கள் கடை அலுமாரியில் பார்த்ததோடு சரி. ஒருநாள் மாமா வந்து அம்மாவோடு வெளியே நின்று பேசினார். அம்பிட்டியவில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்க, வீடு துடைக்க ஆள் கேட்கிறார்களாம். சாப்பாடு அங்கேயே. மாசத்துக்கு ஒரு தொகை வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

அம்மா உள்ளே வந்து எனக்குத் தலை வாரினாள். சிக்கெடுக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கண்டி டவுனுக்குப் பக்கத்துலயாம். ஒன்னயக் கேக்குறாங்க" என்றாள்.

"என்னயவா? ஏன்?"

"நீதான் வீட்ட லட்சணமா வச்சிருப்பியே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகங்களை வகுப்பில் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துவிட்டேன். நான் டவுனுக்குப் போகிறேன் என்று லயம் முழுக்கப் போய்ச் சொல்லி வந்தேன்.

மாமாதான் என்னைக் கூட்டிப் போனார். கலஹாவில் பஸ் நிற்கும் இடம் வரை அம்மா வந்தாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான் ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்து, பாதையில் போன எல்லோருக்கும் கை காட்டினேன். பஸ் கிளம்பியது. தம்பி கை காட்டினான். அம்மா காட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கடைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டவுன் பார்க்கத் தனக்குக் கிடைக்கவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தமாக்கும் என்று நினைத்தேன். அடுத்த தடவை அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பேராதனை வரும் வரை எண்ணிக்கொண்டே போனேன்.