கரடி வீட்டில் ஒரு சுறாக்காரி

அக்கா வீட்டுக்காரரான என் அத்தானுக்குக் கரடிக்காரர் என்றுதான் பேர். மிருகக்காட்சி சாலையில் கரடிகளோடே தலை நரைத்தவர். அவர் பெண் மீன் காட்சிச்சாலையில் சுறாத் தொட்டி வேலைக்குச் சேர்ந்தபோது, அவள் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் இதே சண்டைதான்.

"கரடி பாலூட்டிம்மா, நம்ம இனம். மடியில வச்சுப் பால் குடுக்கும். உன் சுறா வெறும் மீனு. உடம்புல ஒரு எலும்பு உண்டா?"

"குருத்தெலும்பு இருக்குப்பா. உங்க மூக்கு நுனியில இருக்கே, அதேதான். சில சுறா குட்டியே போடும், தெரியுமா?"

"போட்டுட்டுப் பால் குடுக்குமா?"

"குடுக்காது. பொறந்ததுமே தன் பொழப்பைத் தானே பாத்துக்கும். உங்க கரடிக்குட்டி மாதிரி அம்மா முதுகுல தொத்திக்கிட்டுத் திரியாது."

காடா கடலா என்று ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். யார் நிலைமை மோசம் என்ற பேச்சு வரும்போது மட்டும் இருவருக்கும் குரல் இறங்கிவிடும். அத்தானின் கரடி, காட்டை வெட்டியபோது தாயில்லாமல் கிடைத்த குட்டி. புட்டிப்பால் கொடுத்து ஆளாக்கியவர் அவர். பெண்ணின் சுறா, துடுப்பு பாதி அறுபட்டு வந்தது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் எறிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்களாம். இரண்டும் மெதுவாகப் பெருகும் இனம். குறைந்துபோனால் ஈடுகட்டுவது லேசில்லை.

போன மாதம் அத்தான், என் அக்கா தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அக்காவின் சுத்தம் அப்படி. நான் நாற்காலியை விட்டு எழுந்தாலே துடைக்கத் துணி எடுப்பாள். ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு வலிகூடப் பெரிதில்லை. கரடி சாப்பிடவில்லை என்ற செய்திதான் ஆளை உருக்கியது. புது ஆள் பழத்தை நீட்டினால் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறதாம். வயதான கரடி, இப்படியே போனால் தாங்காது என்று விலங்கு டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்கு மூக்குதான்பா உலகம். என் சுறாவுக்கும் அப்படித்தான்," என்றாள் பெண். "உங்க வாசனை பக்கத்துல இருந்தா சாப்பிடும். உங்க வேலைப்பையை நேத்துதான் ஜூவுலேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. அதுல நீங்க போட்ட சட்டை இருக்கும்ல?"

"பரவாயில்லையே, உன் ஆளுக்கும் மூக்கு உண்டா?" என்றார் அத்தான். சுறாவைப் பற்றி அவர் மரியாதையாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

கரடிக்கு அத்தான் சட்டை வேண்டும் என்று அக்காவிடம் போனில் சொன்னோம். மறுநாள் போய்ப் பார்த்தால், துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறாள்!

"வெளியில குடுக்கிற துணியை அழுக்கா எப்படிக் குடுக்கிறது? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"கரடி என்ன நினைக்கும்னு யோசிச்சியா?" என்று கத்தினேன். பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரித் துணியில் மருந்து நெடிதான் இருக்கும். அலமாரியைக் குடைந்தோம். துண்டு, பனியன், கைக்குட்டை எல்லாமே சோப்பு வாசனை. செருப்பைக்கூடக் கழுவி வைத்திருந்தாள் மகராசி.

அக்கா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தலையணை உறை. நடுவில் எண்ணெய்க் கறை.

"இதை மட்டும் துவைக்கல," என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். "அவர் இல்லாம தூக்கம் வரல. இதைப் பக்கத்துல வச்சுக்குவேன்."

 அவளிடம் கத்தியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று பேருமாகப் போய் உறையைக் கூண்டுக் கம்பியில் கட்டினோம். கரடி மெல்ல வந்து வெகுநேரம் மோந்து பார்த்தது. பிறகு உறையை உள்ளே இழுத்து முன்னங்காலுக்கடியில் வைத்துக்கொண்டு பழத்தைத் தின்ன ஆரம்பித்தது.

அங்கிருந்தே பெண் அப்பாவுக்குப் போன் செய்தாள். அம்மா துவைக்காமல் வைத்திருந்த தலையணை உறைதான் கரடியைச் சாப்பிட வைத்தது என்றும் சொன்னாள்.  அதைக் கேட்டதும் அத்தான், "உங்கம்மாகிட்டக் குடு," என்றார்.

அக்கா போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது சாப்பிட்டுடுச்சு," என்றாள். "எனக்குத்தான் இப்ப அந்த உறையும் இல்ல. சீக்கிரம் வந்துடுங்க."