நான் அடித்த மூன்று சொற்கள்

சொக்கலிங்கத்தைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை இறக்கிய ஒரு மஸ்தூரைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்? அதனால் நானே எழுதுகிறேன்.

அறுபத்தாறில் நான் போர்ட் பிளேரில் தந்தி ஆபீஸ் கவுண்டரில் இருந்தேன். தந்தி என்றால் அப்போது எங்கள் ஜனங்களுக்குச் சாவு என்று அர்த்தம். எழுதத் தெரியாதவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதுகொண்டே சொல்வார்கள். நான் அதை இங்கிலீஷில் சுருக்கி எழுதுவேன். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். இருபது சொல்லை எட்டாகக் குறைப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. யாருக்கும் உபயோகப்படாத கர்வம் அது என்று இப்போது தெரிகிறது.

சொக்கலிங்கத்துக்குச் சொந்த ஊர் புவனகிரி. மனைவி செத்துப்போனாள். இந்திராணி என்று ஒரே மகள், ஒன்பது வயது. அவளை அக்கா விசாலாட்சியிடம் விட்டுவிட்டு இங்கே வந்தார். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் மகளை அழைத்துக்கொள்வதாக எண்ணம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அறுப்பார். நானே இரண்டு முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை மெட்ராஸ் கப்பல் வந்தது. அதில் வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். இந்திராணிக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், அப்பா அப்பா என்று அனத்துகிறாள் என்று அக்கா எழுதியிருந்தாள். கடிதத்துக்கே வயது பன்னிரண்டு நாள். அதே கப்பல் வெள்ளிக்கிழமை மெட்ராஸ் திரும்பும். அதை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

"ஏறிப் போயிடவேண்டியதுதானே?" என்றேன்.

"போன வருசம் அப்படித்தான் பாபு ஓடுனேன். அக்காவுக்கு முடியலன்னு லெட்டர் வந்துச்சு. சுட்டி, லீவு எதுவும் சொல்லாமக் கிளம்பிட்டேன். போய்ப் பாத்தா கெணத்துல தண்ணி எறைச்சிக்கிட்டு நிக்குது. திரும்பி வந்தா வேல போயிருச்சு. ஆறு மாசம் பெரார்கஞ்ச்ல வயல் வேல பாத்தேன். இந்தத் தடவ போனா பேரையே அடிச்சிருவேன்னு சாப் சொல்லிட்டாரு. பேரு போயிட்டா குவார்ட்டர்ஸ் ஏது? அப்புறம் புள்ளைய எங்க கொண்டாந்து வச்சிக்கிறது?"

அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் இருந்தால் வேலை நாசமாய்ப் போகட்டும் என்று கப்பல் ஏறுவார். விட்டிருந்தால் இங்கேயே இருப்பார். நான்தான் ரிப்ளை பெய்டு தந்தியைப் பற்றிச் சொன்னேன். பதிலுக்கான கட்டணத்தையும் இங்கேயே கட்டிவிடலாம். அங்கே தந்தியோடு ஒரு வெற்றுப் படிவமும் கொடுப்பார்கள். அக்கா அதில் எழுதிக் கொடுத்தால் போதும், காலணா செலவில்லை. ஒரே முறைதான் செல்லும். இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப இப்படி எழுதுங்க பாபு. இந்திராணிக்கு ஒடம்பு எப்படி இருக்கு, ஜவாபு போடு, வெள்ளிக்கிழம ஜகாஜ் போயிரும்."

நான் எழுதினேன். கடைசியில் 'ஷிப் லீவிங் ஃப்ரைடே' என்று மூன்று சொல் நின்றது. பேனாவை எடுத்து அதை அடித்தேன்.

"அத ஏன் பாபு அடிச்சீங்க?"

"பதிலுக்குப் பணம் கட்டியாச்சுல்ல? கையில படிவத்த வச்சுக்கிட்டு யாராவது சும்மா இருப்பாங்களா? நாளைக்கே பதில் வந்துரும்."

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளும் ஷிஃப்ட் முடிந்து வந்து ஜன்னலில் நின்றார். வெள்ளி காலையில் நான் ஹேடோவுக்கே போனேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் துணிப்பையோடு நின்றிருந்தார். "கெட்டது ஏதாவதுன்னா தந்தி அன்னிக்கே வந்திருக்கும் சொக்கலிங்கம், வேலைய விட்டுறாதீங்க" என்றேன். அதுவும் நான் சொன்னதுதான். கப்பல் போனது. அவர் பையை வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போனார்.

கப்பல் போன பத்தாம் நாள், திங்கட்கிழமை, தந்தி வந்தது. இந்திராணி முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏறியிருந்தால் புதன்கிழமை அவர் புவனகிரியில் இருந்திருப்பார். நான்கு நாள் மகள் பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்தக் கணக்கை அவரும் போட்டிருப்பார். தந்தியை நான்தான் படித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. "மண்ணு போட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அந்தத் தந்தியில் பதில் இல்லை.

அந்த மாதம் முழுக்க அவர் வேலைக்குப் போனார், வந்தார். குவார்ட்டர்ஸ் பேச்சை எடுக்கவே இல்லை. நான் ஷாதிபூரில் என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. என் ஜன்னல் பக்கமும் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கப்பல் வந்த அன்று வந்தார். விசாலாட்சியின் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"படிவம் ஒரு தடவைதான் செல்லும் என்று தபால்காரர் சொன்னார் தம்பி" என்று எழுதியிருந்தாள். "காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இறங்கிய அன்றைக்குச் சேதி சொல்லிவிட்டு, மறுபடி ஏறினால் எதை வைத்துச் சொல்வது? நன்றாக விடட்டும், நல்ல சேதியாகவே சொல்வோம் என்று வைத்திருந்தேன். நானே எழுதுவேன் என்று குழந்தை வாங்கி எழுதித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அதில் செத்த சேதி எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு காசு கொடுத்துத்தான் தந்தி அடித்தேன். கப்பல் வெள்ளிக்கிழமை என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் அன்றைக்கே வா என்று சொல்லியிருப்பேனே."

அந்தப் படிவத்தையும் மடித்து உள்ளே வைத்திருந்தாள். பென்சிலில், கோணல் மாணலாக: 'அப்பா எனக்கு நல்லாப் போச்சு. இந்திராணி.'

"இது இன்னும் செல்லுமா பாபு?"

தேதியைப் பார்த்தேன். இன்னும் இருபத்தெட்டு நாள் பாக்கி இருந்தது. "செல்லும்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் கூசியது.

"குடுத்தா திரும்பக் குடுப்பீங்களா?"

"மாட்டோம். ஆபீஸ்லயே இருந்துரும்."

படிவத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப வேற காயிதத்துல எழுதுங்க, காசு தரேன். வேலைய விட்டுட்டேன். அக்காவுக்கு, நான் வரேன்னு." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இந்தத் தடவ ஜகாஜ் என்னிக்குன்னு போட்டுருங்க பாபு."