நாலாவது கன்னியின் முகம்

போன மாதம் தபாலில் ஒரு மலர் வந்தது. பெல்மதுளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் குடமுழுக்கு மலர். நான் இப்போது மாவனல்லையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் பெயின்டும் சுண்ணாம்பும் விற்கிறேன். விலாசத்தை யார் கொடுத்தார்களோ தெரியவில்லை. பிரித்தேன். அச்சு மையின் வாடை குப்பென்று வந்தது. மூன்றாம் பக்கத்தில் மாலை போட்ட படத்தில் எங்கள் பழைய கணக்கப்பிள்ளை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: "எமது ஆலயத்தில் கலைகளின் மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர்."

நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து, அரை இறாத்தல் ஆணி கேட்டு வந்த ஒருவருக்குச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். செத்தவர்தான். செத்துப்போனதற்காக ஒரு மனிதரைப் பற்றி நல்லது நினைக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை.

மறுமலர்ச்சி என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. பத்தாம் வகுப்பில் சரித்திரம் படிப்பித்தவர் வடக்கிலிருந்து வந்த ஒரு மாஸ்டர். வெள்ளை நீளக் கால்சட்டை, கையில் குடை. ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கு ஏழு காரணங்கள் இருப்பதாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "உங்களுக்கு உது விளங்காது, பாடமாக்குங்கோ" என்பார். உண்மையில் விளங்கவில்லைதான். கொன்ஸ்தாந்திநோபிள் எங்கே இருக்கிறது, அது விழுந்தால் இத்தாலியில் ஏன் படம் வரைகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எழும்பி நில்லும். மற்றப் பாடம் முடியும்வரைக்கும் நில்லும்" என்றார். நின்றேன். அவர் பேரில் அப்போது இருந்த வெறுப்பு இன்றும் முழுவதும் போகவில்லை. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும்: யுத்த காலம்; வடக்கு ஆள் என்பதால் மாதாமாதம் பொலிசில் போய்த் தன் பெயரைப் பதிந்துவிட்டு வர அவரும் வரிசையில் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் கண்டிருக்கிறேன். கண்டபோது சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. அப்போது அவ்வளவுதான் என் புத்தி.

ஏழு காரணங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசியில் இருந்த ஒரு வரி மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. "மறுமலர்ச்சிக் கால ஓவியர் சாதாரண மனிதரை முன்னிறுத்திக் கடவுளரின் முகங்களைத் தீட்டினர்." இந்த ஒரு வரியால்தான் எல்லாம் வந்தது.

நான் பரீட்சையில் தவறினேன். என்னோடு சண்முகமும் தவறினான். அந்த வருஷம்தான் அரசாங்கத்திடமிருந்து கம்பனிக்காரர்கள் தோட்டங்களை எடுத்தார்கள். புதிதாக வந்த துரை பங்களாவைத் துப்புரவு செய்யச் சொன்னார். வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன புத்தகங்கள் கரப்பான் தின்றது போக மிச்சம் ஒரு வண்டி வெளியே வந்தது. மெல்லிய தாள்களை வடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு பெரிய படப்புத்தகம் மட்டும் மிஞ்சியது. பளபளவென்ற தடித்த தாள். அது எண்ணெய் குடிக்காது என்று வடைக்காரர் வேண்டாமென்றுவிட்டார்.

லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருந்தவர்களுக்குத் தெரியும், சுவரை அப்படியே விட முடியாது. புகையும் ஈரமும் சேர்ந்து கரியாக வழியும். பழைய பத்திரிகை, கலண்டர், கிடைத்ததையெல்லாம் கோதுமை மாப் பசையால் ஒட்டுவோம். அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எங்கள் வரிசையில் பதினொரு வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தாலி தேசத்து மறுமலர்ச்சி முழுவதும் இப்படியாக எங்கள் லயத்தில் குடியேறியது.

பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்க்கு மறுநாளே குங்குமப் பொட்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சூடமும் காட்டினார்கள். சாப்பாட்டு மேசைப் படம் ஒன்று கிடைத்த வீட்டில், "என்னா பந்தி இது, எல்லாரும் ஒரே பக்கமா உக்காந்திருக்காங்க? பரிமாற ஆள காணோமே" என்று வந்தவரெல்லாம் கேட்டார்கள். அம்மணமாக நின்ற ஆம்பிளை எங்கள் பங்குக்கு வந்தான். அம்மா அவனைப் பார்த்ததும் பத்திரிகைத் தாளில் ஒரு வேட்டி வெட்டி ஒட்டிவிட்டாள். வேட்டியில் ஒரு தேர்தல் செய்தி இருந்தது. பல வருஷம் அவன் அந்தச் செய்தியோடுதான் நின்றான்.

சண்முகம் வீட்டுக்கு வந்தது முகம் மட்டும் உள்ள ஒரு தேவதை. அவன் அதன் முன்னால் குந்திக்கொண்டே இருப்பான். பெல்மதுளையில் ஒரு கராஜில் லொறிக்குப் பூவும் பெயரும் எழுதப் பழகியிருந்தான். ஒருநாள் கேட்டான்:

"டேய், இது யாரோ நெசமான பொம்பள மாதிரியே இருக்குல்ல? கண்ணுக்குக் கீழ தூங்காத மாதிரி இருக்கு பாரு."

நான் பெரிய படிப்பாளியாயிற்றே, மாஸ்டரின் வரியை அப்படியே ஒப்பித்தேன்.

"அப்பிடீன்னா ஊருல உள்ள யாரையோ பாத்துத்தான் சாமிய வரைஞ்சாங்களா?"

"புத்தகத்துல அப்பிடித்தான்டா இருக்கு."

"யாரும் ஏசலியா?"

அது நோட்டில் இல்லை. "இல்ல" என்று சொல்லிவைத்தேன்.

மூன்று நாலு வருஷம் கழித்து, கோயில் மண்டபத்து உள்சுவரில் ஏழு கன்னிமார் படம் எழுதும் வேலை சண்முகத்துக்குக் கிடைத்தது. கோயில் தலைவர் கணக்கப்பிள்ளைதான். மலையில் பெண்களுக்கு வேலை பிரிக்கிறவரும் அவரே, திருவிழாவில் பரிவட்டம் கட்டுகிறவரும் அவரே. லயங்களுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்கும் வேலையை எனக்குப் பிடித்துக் கொடுத்திருந்தவரும் அவர்தான். "கலண்டர்ல உள்ள மாதிரி லெட்சணமா போடு" என்றார் சண்முகத்திடம்.

சண்முகம் கலண்டரைப் பார்க்கவில்லை. பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய், சிகரெட் பெட்டி அட்டையின் உள்பக்கத்தில் பெண்களின் முகங்களைப் பென்சிலால் கீறிக்கொண்டு வந்தான். தராசுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவன் நின்றால் சும்மா விடுவார்களா?

"என்னா சம்முகம், பொண்ணு பாக்க வந்தியா? கூடைய கொஞ்சம் எறக்கு, அப்பறமா பாரு."

"அவன் ஒன்னயப் பாக்கலடி, ஒன் காதுல தொங்குற அட்டப்பூச்சியப் பாக்குறான்."

காளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். கான் என்கிற வடிகாலில் விழுந்த தழும்பு புருவத்தை இரண்டாக வெட்டியிருந்தது. அகலமான தாடை. வாயைத் திறந்தால் கங்காணியும் ஒதுங்குவார். "என்னையக் கீறாத. என் மொகத்த வச்சிக்கிட்டு என்னா செய்யப் போற, கொழுந்துக்குக் காவல் வப்பியா?" என்றாள்.

அவள் கீழ் லயத்து ஆள். இதைச் சொல்லாமல் கதை நகராது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம், ஒரே தராசில் நிறுப்போம், ஒரே பீலித் தண்ணீரில் குளிப்போம். ஆனால் கோயிலுக்கு ஒரு இரும்புக் கேட் இருந்தது. கீழ் லயத்து ஆட்கள் அதற்கு வெளியே நிற்க வேண்டும். தீர்த்தத்தை மேலே இருந்து ஊற்றுவார்கள். காளி என்று அம்மன் பெயரையே வைத்துக்கொண்டிருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. ஒருமுறை கேள்வி கேட்டு நின்றவன் நான்.

சாக்குப் படுதா கட்டி, மூன்று வாரம் பகலில் வேலை நடந்தது. நான் நிறம் குழைத்துக் கொடுத்தேன். ஏழு கன்னிமாரும் வந்தார்கள். நகை இருந்தது, கிரீடம் இருந்தது, தாமரையும் இருந்தது. ஆனால் தாமரையைப் பிடித்த விரல்களில் கொழுந்துச் சாயம் ஏறி, நகக்கண் வெடித்திருந்தது. நாலாவது கன்னியின் புருவம் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது.

"டேய், இது வேணாம்டா" என்றேன்.

"நீதானே சொன்ன, அங்க யாரும் ஏசலன்னு?"

பொறுக்கமாட்டாமல் அன்று பின்னேரமே அவளிடம் போய்ச் சொல்லியும் விட்டான். "அக்கா, ஒங்கள கோயில் சொவத்துல போட்டிருக்கேன்."

"பொய் பேசாதடா. நானே அந்தக் கேட்டத் தாண்டுனதில்ல, என் மொகம் எப்பிடித் தாண்டுச்சு?" என்றாள். ஆனால் மறுநாள் மலைக்குப் போகும்போது தலையை நன்றாக வாரியிருந்தாள். அதற்கு அடுத்த நாளும்.

திருவிழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை படுதாவை அவிழ்த்தோம். பெண்கள் ஓடி வந்தார்கள். "ஏய், இது நம்ம செல்லம்மா மூக்குடி!" "ஆத்தாடி, என்னையப் போட்டிருக்கான், கழுத்துல எவ்ளோ நகை!" ஒருத்தி தன் முகத்துக்குத் தானே கும்பிடு போட்டாள். இன்னொருத்தி அழுதாள். அந்த ஐந்து நிமிஷத்தைப் போல ஒன்றை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை. ரம்புக்கனையில், இரத்தினபுரியில், கொழும்பில், எத்தனையோ இடத்தில் வேலை செய்துவிட்டேன்.

பிறகு யாரோ எண்ணிக்கொண்டு வந்து நாலாவதில் நின்றார்கள். சத்தம் அடங்கியது. அழுத பெண்தான் முதலில் பேசினாள்.

"எனக்குப் பக்கத்துல அவளா?"

கணக்கப்பிள்ளை வந்தார். "இது யாரு?"

"சாமிங்கய்யா" என்றான் சண்முகம்.

"சாமி யாருன்னு எனக்குத் தெரியும். மூஞ்சி யாரு?"

அவரே வெட்டுப்பட்ட புருவத்தை விரலால் காட்டினார்.

"உள்ள வரக்கூடாதவ, சொவத்துல ஏறி நின்னுக்கிட்டு எங்கள கும்புடச் சொல்றாளா? அந்த ஒண்ண மட்டும் மாத்து. மத்தது இருக்கட்டும்."

"மாத்த மாட்டேங்க. அழிக்கிறதுன்னா ஏழையும் அழிச்சிருங்க."

அவனை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கணக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "சுண்ணாம்பு இருக்கில்ல? நாளைக்கே அடிச்சிரு" என்றார். அவ்வளவுதான். லயத்து வெள்ளையடிப்பு வேலை அவர் கையில் இருந்தது. நான் தலையாட்டினேன். சண்முகம் என்னைப் பார்த்தான். தூரிகைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். இரத்தினக்கல் குழியொன்றில் வேலை செய்கிறான் என்று கொஞ்ச காலம் கேள்விப்பட்டேன். பிறகு அதுவும் இல்லை.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது என் தொழில். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு தண்ணீர் மாதிரி, அடியில் உள்ளது தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் பூச்சு அடித்து முடித்தேன். ஏழு பேரும் பனிக்குள் நிற்கிற மாதிரி தெரிந்துகொண்டிருந்தார்கள். யாரோ இருமினார்கள். வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே காளியம்மா, முதுகில் கூடையோடு. அங்கிருந்து உள்சுவர் தெரியாது.

"அழிச்சிட்டியாடா?"

"ஒரு பூச்சு அடிச்சிருக்கேன்க்கா."

"நான் எத்தனாவது?"

"நாலாவது."

"எப்பிடி இருந்தேன்?"

"நல்லா இருந்தீங்க."

"நல்லான்னா எப்பிடிடா?" நான் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினேன். "ஒரு மொகத்தச் சொல்லத் தெரியல, பத்தாம் வகுப்பு படிச்சவனாம்" என்று சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "வெள்ளையடிக்கிறது எனக்குந் தெரியும். காயிற வரைக்கும் மொகம் தெரியுமில்ல? கேட்டத் தொறந்து விடு. ஒரு தரம் பாத்துட்டு போயிர்றேன். யாருமில்ல."

உண்மையிலேயே யாரும் இல்லை. கேட்டுக்குப் பூட்டும் இல்லை, ஒரு கொக்கிதான். என் கை முழுக்கச் சுண்ணாம்பு. மேலே கணக்கப்பிள்ளை வீட்டுக் கூரை தெரிந்தது.

"நாளைக்குப் பாப்போம்க்கா" என்றேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெயில் நல்ல வெயில். அவள் மலைக்கு ஏறிப் போனாள். நான் உள்ளே வந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது.

எனாமல் பெயின்டைச் சுரண்டாமல் அடித்த சுண்ணாம்பு நிற்காது. சுரண்டாதது அன்பினால் அல்ல, சோம்பலினால். யாரும் என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட வேண்டாம். அடுத்த மழைக்காலத்தில் சுவர் நனைந்ததும் ஏழு முகங்களும் மங்கலாகத் திரும்பி வந்தன. திரும்பவும் அடிக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த மழைக்கும் வந்தன. அப்போது காளியம்மா குவைத்தில் யாரோ வீட்டில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கணக்கப்பிள்ளை சுவரைக் கொத்தி, சீமெந்து பூசி, மேலே குளியலறைக்குப் பதிக்கிற வெள்ளை ஓடு பதித்தார். மலரில் எழுதியிருக்கிற மறுமலர்ச்சி அதுதான்.

யுத்தம் முடிந்த வருஷம் நான் ஒருமுறை தோட்டத்துக்குப் போனேன். எங்கள் லயம் கூரையில்லாமல் நின்றது. பொட்டு வைத்த தாய், பந்தி, வேட்டி கட்டிய ஆம்பிளை எல்லோரும் மழையில் கரைந்துபோயிருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்தில், குவைத்திலிருந்து திரும்பியிருந்த காளியம்மா நின்றாள். முடி நரைத்து, தங்கப் பல் ஒன்று கட்டியிருந்தாள். இரும்புக் கேட்டைக் கழற்றி யாரோ விற்றுவிட்டார்கள். தூண் இரண்டும்தான் நின்றன. இப்போது யாரும் யாரையும் தடுப்பதில்லை. இளவட்டங்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

"வா, காட்டு" என்று அவளே முன்னால் உள்ளே நடந்தாள். "நான் நின்ன எடம் எது?"

வெள்ளை ஓடு, மூலையிலிருந்து மூலை வரைக்கும். எங்கே முதலாவது, எங்கே ஏழாவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓட்டில் விரலை வைத்தேன்.

"இங்கதான்க்கா."

அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். நான் காட்டியது சரியான இடம்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.