கோட்டூர்ப் படகுக்கு ஒரு அண்டா தண்ணீர்

தகர டப்பாவில் தார் காயும் வாசனை... எழுபதுகளின் நடுவில், ஒரு கோடை முழுக்க எங்கள் கோட்டூர் ஆற்றங்கரையில் அதுதான் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது கோட்டூருக்கும் நந்தனத்துக்கும் நடுவில் பாலம் கிடையாது. அடையாற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும். நந்தனத்தில் ஒரு ஆபீசில் எனக்கு குமாஸ்தா வேலை. ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் செருப்பு... அப்படித்தான் தினமும் ஏறுவேன்.

படகு ராஜம்மா அக்காவுடையது. புருஷன் போன பிறகு அவளே துடுப்பு போட்டாள். மரப்படகு இல்லை, அலுமினியம். அவள் புருஷன் ஏதோ ஏலத்தில் எடுத்தது. வெயில் பட்டால் கண் கூசும்.

அந்த வருஷம் அடியில் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணிகளின் ஓரமெல்லாம் கசிய ஆரம்பித்தது. ஏறுகிறவர்களில் ஒருவர் டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே வர வேண்டும். அதற்கு முறை வேறு வைத்துக்கொண்டோம்.

மரத்துக்குப் பூசுவது போல அக்கா இதற்கும் தார் பூசினாள். மரம் தாரைக் குடித்துக்கொள்ளும். அலுமினியம் அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. வெயிலில் இளகி, தண்ணீரில் உரிந்து, என்னிடம் இருந்த ஒரே நல்ல பேண்ட்டில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அக்காவின் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? நடு ஆத்துல ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது? அலுமினியம்க்கா... எடைக்குப் போட்ரலாம். ஞாயித்துக்கெழம வண்டி வருது, ஏத்தி வுட்ரு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் படகு போனால் அக்காவின் பிழைப்பே போச்சு.

தாரையெல்லாம் சுரண்டி எடுத்தோம். பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிறவர் ஒருவர் எங்கள் தெருவில் வருவார். ஓட்டையைக் காட்டினால் அடைத்துத் தருகிறேன் என்றார். காட்டுவதுதான் கஷ்டம். எல்லாம் ஊசிமுனை அளவு... படகைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, உள்ளே ஆற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடியில் பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை. தானாகவே சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகத் திரும்ப ஆற்றில் இறக்கினோம். கொஞ்ச தூரம் போனதும் பழையபடி கணுக்கால் வரை தண்ணீர். ஆற்றுச் சேறு ஓட்டைகளில் போய் அடைத்துக்கொண்டு எங்களை ஏமாற்றியிருந்தது.

தெளிந்த தண்ணீர் வேண்டும். அந்தக் கோடையில் அதை யாரிடம் போய்க் கேட்பது? கிணறெல்லாம் வற்றி, அடிபம்பில் காற்றுதான் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் படகைத் திரும்பச் செங்கல் மேல் ஏற்றி, சேற்றைத் துடைத்தோம். அக்கா தன் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து படகுக்குள் கவிழ்த்தாள். ஒரு மூலை நனைந்ததோடு சரி.

எங்கள் வீட்டில் பித்தளை அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது.

ஆனால் மறுநாள் அப்பாவின் முதல் வருஷத் திதி. அதற்காக அம்மா விடியற்காலையில் குளித்து, யாரையும் தொடாமல், மடியாகப் பிடித்து வைத்த தண்ணீர் அது. என்னைக்கூடக் கிட்டே விடவில்லை.

அப்பா நெஞ்சுவலியோடு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது அக்காவின் படகில்தான். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

கரையை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் நின்று, அக்கா குடத்தைக் கவிழ்த்ததை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். அண்டாவிலிருந்து குடத்தில் மொண்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அக்கா பதறிப்போய் எதிரே ஓடினாள். "வேணாம் மாமி... நாளைக்கு ஐயாவுக்குன்னு வச்சது மாமி."

"அவருக்கு வெச்சதுதான். அவர் கடைசியா போனதும் இதுலதானே? நான் விடறேன், எங்க ஒழுகறதுன்னு நீ பாரு."

குடம் குடமாக அம்மா ஊற்றினாள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சொட்டு விழ ஆரம்பித்தது. விழுந்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டேன். கீழே படுத்திருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

பழைய அலுமினியக் குண்டானை வெட்டித் தகடு... அதற்கும் படகுக்கும் நடுவில் சைக்கிள் டியூப்... மேலே ரிவெட். இருட்டுவதற்குள் ஒட்டுக்காரர் எல்லா வட்டத்தையும் அடைத்துவிட்டார். மறுநாள் வண்டிக்காரன் வந்தபோது படகு ஆற்றில் இருந்தது. தம்பி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

திதி செய்து வைக்க சாஸ்திரிகள் மயிலாப்பூரிலிருந்து வர வேண்டும். வீட்டில் மடித் தண்ணீர் சொட்டு இல்லை. அக்கா அக்கரையில் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அந்தக் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"நான் தொட மாட்டேன் சாமி. நீங்களே எறச்சி, நீங்களே புடிச்சிக்கினு வந்துருங்க" என்றாளாம்.

குடத்தை மடியில் வைத்து, கால் இரண்டையும் பலகை மேல் தூக்கிக்கொண்டு, படகின் அடியையே பார்த்தபடி வந்து இறங்கினார் சாஸ்திரிகள். அடி காய்ந்து கிடந்தது. அம்மா அந்தக் குடத்தை வாங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பிற்பாடு பாலம் வந்தது. அக்கா மகள் வீட்டோடு போய்விட்டாள். அம்மாவும் இப்போது இல்லை.

இன்றைக்கு ஆற்றைத் தாண்ட ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. அன்று அந்தப் பாலம் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். படகுக் காலம்தான் நல்ல காலம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆனால்... அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கரைக்கு நடந்து வந்த அன்று, நான் ஆபீசில் இருந்தேன். அம்மா மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டில். அக்காதான் துடுப்பு போட்டபடி, அக்கரை வரை அப்பாவிடம் என்னைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் பேசிக்கொண்டே போயிருக்கிறாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாராம்.

பாலத்தில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒதுங்கி நின்று பார்ப்பேன். உள்ளே யாராவது பேசிக்கொண்டு போகிறார்களா என்று.