பிளக்கைப் பிடுங்குகிறவர்

அருப்புக்கோட்டை அருகே நான் கணக்குப் பார்க்கும் நூற்பாலைக்கு, சர்வரைக் கவனிக்க காரியாபட்டியிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வருவார். ஒல்லியான ஆள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருப்பார். சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் கெர்னலுக்கு எந்த அப்டேட் வந்தாலும் முதலில் மேசைக்கடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் போடுவார். அது மும்முரமாக ஃபைல்களை எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பிளக்கைப் பிடுங்குவார். பிறகு மறுபடி ஓடவிட்டு, எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரு சம்பள நாளில், வேலை காத்துக் கிடக்க, எனக்குப் பொறுக்கவில்லை.

“பல வருசத்துக்குப் பழுது பாத்துத் தருவாகன்னு நீங்களே தேடி எடுத்த கெர்னலு. அதுல வார சின்ன அப்டேட்டுக்குமா இந்தப் பாடு?”

“கரண்டு சொல்லிக்கிட்டா சார் போகுது? இருங்க, பாத்துருவோம்” என்று பிளக்கைப் பிடுங்கினார்.

மறுபடி ஓடவிட்டதும் திரை முழுக்கப் பிழைச் செய்திகள். பாதி ஃபைல்களைக் காணோம். அவரோ வாய்விட்டுச் சிரித்தபடி துள்ளி எழுந்து, முந்தைய கெர்னலைப் போட்டு, புதிதாக ஃபைல்களை எழுதவிட்டு மறுபடி பிடுங்கினார். ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை.

“மாட்டிக்கிருச்சு சார். கோளாறு அப்டேட்டுலதான்.”

கெர்னலை எழுதுகிறவர்களுக்கு உடனே தகவல் தட்டினார். தட்டும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

“எதுக்கு இம்புட்டு அவசரம்? நம்ம சர்வருதான் தப்பிச்சிருச்சே” என்றேன்.

“உலகம் பூரா இதைப் போடப் போறாக சார். எல்லார் வீட்டு மேசைக்கடியிலயும் ஒரு பழைய பெட்டி கெடக்குமா?”

சர்வர் பழைய கெர்னலிலேயே ஓட, எல்லார் சம்பளமும் ஏறியது. ஆலையில் யாருக்கும் எதுவும் தெரியாது. கெட்டுப்போன ஒன்றைப் பார்த்து ஒரு மனிதர் அப்படிச் சிரித்தது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்று மாலை பஸ் கிளம்பியபோது அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காற்றில் ஒரு பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார்.